பதினொரு கட்டை

பியானோ பார்க்கப் போன வீட்டில் அக்கா முதலில் கேட்பது டார்ச் லைட். உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார். காப்பி வந்தால், "அப்புறம் குடிக்கிறேங்க" என்று ஓரமாக வைத்துவிடுவார். வீட்டுக்காரர் யாராவது பெருமையாக ஒரு பாட்டை வாசித்துக் காட்டினால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சத்தம் அவருக்குக் கடைசியில்தான் வேண்டும்.

தரையில் மண்டியிட்டு, காலால் மிதிக்கும் பெடலுக்கு மேலே இருக்கும் பலகையைக் கழற்றி, உள்ளே வெளிச்சம் அடித்து முகர்ந்து பார்ப்பார். எலி குடியிருந்ததா, பூச்சி அரித்ததா, ஈரம் ஏறியதா என்று மூக்கு சொல்லிவிடும். பிறகு எழுந்து மேல்மூடியைத் திறப்பார். உள்ளே கம்பளி சுற்றிய சின்ன மரச் சுத்தியல்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு சுத்தியலின் மூக்கிலும் கம்பி பதித்த தடம் எவ்வளவு ஆழம் என்று நகத்தால் தடவுவார். கம்பிகளில் துரு எங்கே தொடங்கியிருக்கிறது, அவற்றை முறுக்கிப் பிடித்திருக்கும் ஆணிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, பின்பலகை வெடித்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார். இதற்கே அரைமணி நேரம் போகும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் விரலை வைப்பார். ஒரு கட்டையை அவர் அழுத்துவது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெதுவாக இருக்கும். உள்ளே சுத்தியல் கம்பியின் பக்கத்தில் போய் நிற்கும், அடிக்காது. அந்த இடத்தில் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு சிறு தடை உண்டாம். அதைத் தாண்டி அடிவரை அழுத்தி, சட்டென்று விடுவார். கட்டை எழும்பி வருவதைக் கவனிப்பார். எண்பத்தைந்து கட்டையையும் இப்படியே பார்ப்பார். அறையில் ஒரு சத்தமும் இருக்காது. வாங்க வந்தவரும் விற்கிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"சத்தத்த எப்படி வேணா மினுக்கிடலாம் தம்பி. கட்டை எழும்புறத மினுக்க முடியாது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நன்றாக எழும்புகிற கட்டை கிடைத்தால் அவர் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி வந்து போகும். அது தனக்கு வருவது அவருக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

கட்டை என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்துவது கட்டை. அதனால் பியானோவிலும் அது கட்டைதான். சத்தம் வராவிட்டால் செத்த கட்டை. எங்கள் சபையில் யாருக்கும் இதை விளக்க வேண்டியிருந்ததில்லை.

நான் அப்போது மலாயாவில், கோல சிலாங்கூரிலிருந்து சில மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி. ஆபீசில் கணக்கும் கடிதமும் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டவுனில் இருந்த எங்கள் சிறிய கிறிஸ்தவச் சபைக்குச் செயலாளர். மினிட் புத்தகம் என் பொறுப்பு. அக்கா எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கீழ்வகுப்பு ஆசிரியை, சபையில் ஆர்மோனியம் வாசிப்பவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிடுவேன். அவருடைய கணவர் தோட்டத்து லோரி டிரைவர், பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவர் எனக்கு அண்ணன்.

அக்காவுக்கு வாயில் பொய் வராது. அன்புக்காகச் சொல்லும் பொய்யும் வராது. நான் சபையில் சேர்ந்த புதிதில், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்.

"தம்பி, நீங்க பாடுறது அரை சுரம் கீழ நிக்குது."

"சரி பண்ணிக்கிறேன் அக்கா."

"சரி பண்ண முடியாது. காது அப்படி. மனசுக்குள்ள பாடுங்க, ஆண்டவருக்குக் கேக்கும்."

அன்று முதல் இன்றுவரை மனதுக்குள்தான் பாடுகிறேன்.

செகிஞ்சானில் நெல் ஆலை வைத்திருந்த ஒரு சீன முதலாளி தன் மகளுக்காகப் பழைய பியானோ ஒன்று வாங்கி வைத்துவிட்டு, பிறகு அக்காவை வரச் சொன்னார். வாங்கின பிறகு கூப்பிடுகிறவர்களுக்குப் பாராட்டுத்தான் வேண்டும், தீர்ப்பு வேண்டாம். லோரி அந்தப் பக்கம் போகிற நாளாகப் பார்த்து மூன்று பேரும் போனோம். காட்டுக்குள் போன கம்யூனிஸ்ட்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் கொண்டுவந்த முதல் வருஷம், அறுப்பு முடிந்து வயலெல்லாம் தாளாக நின்றது. அக்கா முக்கால் மணி நேரம் சத்தமில்லாமல் பார்த்தார். முதலாளி, அவர் மனைவி, பத்து வயது மகள் மூவரும் வரிசையாக நாற்காலியில் காத்திருந்தார்கள்.

"பாகுஸ்?" என்று முதலாளி மலாயில் கேட்டார். நன்றாக இருக்கிறதா என்று.

"தா பாகுஸ், தவுக்கே" என்றார் அக்கா. இல்லை என்று.

அந்தப் பெண்ணின் உதடு பிதுங்கியது. அக்கா அதைப் பார்த்தார். பார்த்தும், சுத்தியல் தேய்ந்திருப்பதையும் ஆணிகள் பிடி விட்டிருப்பதையும் ஒன்றுவிடாமல் மலாயில் சொல்லி முடித்தார். திரும்பி வரும்போது லோரியில் அண்ணனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, நல்லாருக்குன்னு சொன்னா வாய் வெந்தா போயிடும் புள்ள? அந்தச் சின்னக் கொழந்த மூஞ்சியப் பாத்தியா?"

"நல்லாருந்தா சொல்லியிருப்பேன்ல."

"சரி விடு. என்னயாச்சும் ஒரு தடவ நல்லாச் சொல்லேன். கிராணி சாட்சிக்கு இருக்காரு."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "நீங்க லோரி நல்லா ஓட்டுவீங்க."

"அவ்ளோதானா?"

"கியர் மாத்துறப்ப மட்டும் கொஞ்சம் அவசரம்."

அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அந்தப் பியானோவின் சுத்தியல்களை அரம் போட்டுச் சரிசெய்ய அக்கா பின்னால் நாலு தடவை செகிஞ்சான் போனார். அந்தப் பெண் நன்றாக வாசிக்கப் பழகினாள் என்று கேள்வி.

சத்தமில்லாமல் அழுத்தும் வித்தை எங்கே வந்தது என்று ஒருமுறை கேட்டேன். அக்காவுக்குப் பெற்றோர் இல்லை. கிள்ளான் பக்கம் மிஷன் நடத்திய பெண்பிள்ளைகள் விடுதியில் வளர்ந்தவர். அங்கே பியானோவைத் தூசி தட்டுவது அவர் வேலை. மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும் இரண்டு மணி நேரத்தில் சத்தம் போட்டால் தண்டனை. அந்த இரண்டு மணி நேரம்தான் பியானோவின் பக்கத்தில் ஆள் இருக்காது. "அதனால சத்தம் வராம வாசிச்சேன்" என்றார். "பாட்டு பூரா வாசிப்பேன். எனக்கு மட்டும் கேக்கும்." முதல் மூன்று வருஷம் அப்படியே பழகினாராம். பிறகு ஒருநாள் சத்தத்தோடு வாசிக்க விட்டபோது தனக்கே பயமாக இருந்தது என்றார்.

அவசரகாலத்தின் நான்காவது வருஷம், மழை மாதம். எங்கள் லயத்து வீடுகளையெல்லாம் ஒரே இடத்துக்கு நகர்த்தி, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் கம்பெனிக்குக் கெர்லிங் பக்கம் இன்னொரு தோட்டம் உண்டு. அங்கே காட்டோரம், அடிக்கடி துப்பாக்கிச் சத்தம். அந்தத் தோட்டத்துத் துரையின் மனைவி பயந்து சீமைக்குத் திரும்பிவிட்டார். அவருடைய பியானோ பங்களாவில் நின்றது. சபைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று துரை சொல்லியனுப்பினார். கிறிஸ்துமஸுக்கு நாலு ஞாயிறு இருந்தது. சபையில் எல்லோருக்கும் ஆசை. அக்கா போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

லோரி கெர்லிங் போய் இரண்டு நாள் தங்கிச் சனிக்கிழமை திரும்பும். அண்ணனின் தங்கை அந்தத் தோட்டத்தில் நிறைமாதமாக இருந்தாள். அக்கா லோரியில் போய்ப் பியானோவைப் பார்த்துவிட்டு, பிரசவத்துக்குத் துணையாக அங்கேயே ஒரு வாரம் தங்குவதாக ஏற்பாடு. புறப்படும் நாள் சபைப் பதிவேட்டில் வெள்ளி என்றிருக்கிறது. என் நாட்குறிப்பில் வியாழன். வியாழன்தான் சரி, கெர்லிங் லோரி வெள்ளியில் போனதே இல்லை. காலையில் ஆபீஸ் வாசலில் நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"பாத்துட்டு வந்து சொல்றேன் தம்பி."

"ஞாயித்துக்கெழம கமிட்டி அக்கா. நீங்க இருக்க மாட்டீங்க. எழுதி அண்ணன்கிட்ட குடுத்துவிடுங்க."

"வெரலுக்குத் தெரியிறத எப்படி எழுதறது?"

"நாலஞ்சு வரி போதும். காரணமெல்லாம் வேணாம், முடிவு மட்டும். தலைப்பு நானே போட்டுக்குவேன்."

"காரணம் இல்லாம எழுதுனா அது பாதிதானே தம்பி?"

"மினிட் புக்குல எடம் இல்லக்கா."

அண்ணன் லோரியிலிருந்து எட்டிப் பார்த்தார். "எழுதிக் குடு புள்ள. கிராணிக்குப் பேப்பர் இல்லன்னா சோறு எறங்காது."

சனிக்கிழமை, கெர்லிங்கிலிருந்து இறங்கி வரும் வழியில், சாலைத் தடுப்பில் லோரியை நிறுத்தினார்கள். காட்டுக்குள் இருப்பவர்களுக்கு அரிசியும் மருந்தும் போகாமல் தடுக்க எல்லா வண்டியையும் சோதிப்பது வழக்கம். அண்ணனின் சட்டைப் பையில் அடையாள அட்டையோடு மடித்து வைத்த தாள் இருந்தது. அண்ணனுக்குத் தன் பெயரை எழுதத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. என்ன கடிதம் என்று கேட்டதற்கு, "கோயில் கடுதாசி, கிராணிக்கு" என்று சொல்லியிருக்கிறார். தாளில் இருந்தது இது:

'சுத்தியல் எல்லாம் உறுதி. இருபது வருஷம் வேலை செய்யும். கட்டை பதினொன்று செத்தது. நாலு மெதுவாக எழும்பும். கம்பி துரு. இன்னும் அறுபடவில்லை, மூன்று இடத்தில் சீக்கிரம் அறும். ஆறு ஆள் வேண்டும். லோரி இவரே கொண்டுவருவார். கிறிஸ்துமஸுக்கு முன் எடுத்துவிடலாம்.'

பியானோ என்ற சொல் அதில் இல்லை. அதை நான் போடுவதாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடியது. 'பியானோ பற்றிய அறிக்கை வந்து சேரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அண்ணன் மழையில் எங்கோ தங்கிவிட்டார் என்று நினைத்து வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கினேன். திங்கட்கிழமை காலையில் போலீஸ் ஜீப் ஆபீசுக்கு வந்தது.

விசாரித்த வெள்ளைக்கார அதிகாரி இளைஞர். மரியாதையாகவே பேசினார். மொழிபெயர்க்க வந்தவர் தமிழர், படித்த மனிதர். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் பெயர்த்திருப்பார்கள். சுத்தியல் என்றால் கம்யூனிஸ்ட் கொடியில் இருப்பது. செத்த கட்டை என்றால் பிணம். கம்பி என்றால் வேலி. அது மூன்று இடத்தில் அறுக்கப்படப் போகிறது. ஆறு ஆட்கள், ஒரு லோரி, கிறிஸ்துமஸுக்கு முன் ஒரு காரியம். யுத்தம் முடிந்த கையோடு தோட்டத்தில் தொழிலாளர் சங்கம் நடந்தபோது அண்ணன் அதில் அங்கத்தினராக இருந்தவர். அந்தப் பெயர்ப் பட்டியலும் அவர்களிடம் இருந்தது.

"இது பியானோவைப் பற்றியது" என்றேன்.

"எங்க சார் பியானோன்னு இருக்கு? காட்டுங்க" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

என் துரை எனக்காகப் பேசினார், என்னை விட்டார்கள். அக்காவைக் கெர்லிங்கிலிருந்து கூட்டிவந்து மூன்று நாள் வைத்துக் கேட்டுவிட்டு, எங்கள் போதகரின் பொறுப்பில் விட்டார்கள். அண்ணனை விடவில்லை. போதகர் மேலிடங்களுக்கு மாறி மாறி எழுதினார். ஏழாவது வாரம் அந்த இளம் அதிகாரி ஒத்துக்கொண்டார். அந்தப் பியானோ இன்னும் பங்களாவில்தான் இருக்கிறது. கடிதம் எழுதிய அம்மாள் வந்து பதினொரு செத்த கட்டையைக் காட்டட்டும். காட்டினால் கடிதம் உண்மை, கணவர் வீட்டுக்குப் போகலாம்.

போகும் வழியெல்லாம் அக்கா தெம்பாக இருந்தார். "எதெதுன்னு நல்லா ஞாபகம் இருக்கு தம்பி. எடது பக்கம் மூணு, நடுவுல ஆறு, மேல ரெண்டு" என்று விரல் விட்டுச் சொன்னார். மழை நின்று ஒரு மாதமாகியிருந்தது. ரோட்டில் செம்மண் புழுதி பறந்தது. அதை நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

பங்களா ஹாலில் அதிகாரி, மொழிபெயர்ப்பாளர், அக்கா, நான். வாசலில் பங்களாவின் ஹைனான் சீனச் சமையல்காரர், கையில் தட்டோடு. அக்காவைப் பார்த்ததும் அவர் பல் தெரியச் சிரித்தார்.

"செத்தது எதுன்னு காட்டச் சொல்றாரும்மா."

அக்கா உட்கார்ந்தார். இடது பக்கம் முதல் கட்டையில் விரலை வைத்து, பழக்கத்தால், மெதுவாக அழுத்தி விட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் கட்டை துள்ளிக்கொண்டு மேலே வந்தது. அக்கா முகத்தில் அந்த மலர்ச்சி வந்தது. நல்ல கட்டை கிடைத்தால் வருமே, அதேதான். ஒரு கண்சிமிட்டும் நேரம். பிறகு அது அணைந்தது.

என்ன நடந்தது என்று அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். மழை மாதத்தில் ஈரத்தில் மரம் ஊறி, கட்டைகள் இறுகி நின்றிருக்கின்றன. அக்கா அன்று பார்த்துவிட்டுப் புறப்படும்போது, கீழ்ப்பலகைக்குள் ஒரு பல்பை எரியவிட்டு வைத்தால் ஈரம் காயும் என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். பங்களாவில் வேலி விளக்குக்காக இரவெல்லாம் மின்சாரம் ஓடியது. அந்த மனிதர் ஒரு நாள் தவறாமல் பல்பை எரியவிட்டிருக்கிறார். ஏழு வாரத்தில் பியானோ பிழைத்துக்கொண்டது.

அக்கா மறுபடியும் அதே கட்டையில் விரலை வைத்தார். மிக மெதுவாக அழுத்தினார். சத்தம் வரவில்லை. அடியில் விரலை நிறுத்திக்கொண்டார்.

"இது செத்தது" என்றார்.

அதிகாரி தலையசைத்துத் தாளில் குறித்துக்கொண்டார். அக்கா இரண்டாவது கட்டைக்குப் போனார். சத்தமில்லை. "இது." மூன்றாவது. "இதுவும்." நடுவில் இருந்த ஆறுக்கு வந்தார். நான்காவது, ஐந்தாவது. அந்த ஹாலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்கள் இரண்டு பேர். விடுதியில் தூங்கும் நேரத்துக்கென்று பழகிய அந்த விரல், ஒரு மயிரிழை பிசகாமல் போய்க்கொண்டிருந்தது. கழுத்தில் மட்டும் வேர்வை ஓடியது. பதினொன்றும் ஆகிவிட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

ஆறாவது கட்டையில் அதிகாரி குனிந்தார். சந்தேகப்பட்டுக் குனிந்ததாக எனக்குப் படவில்லை. பியானோ உள்ள வீட்டில் வளர்ந்தவர் போலிருந்தது. பக்கத்தில் நின்றதும் கை தானாகப் போய்விட்டது. அக்கா விட்ட கட்டையை அவர் ஒரு விரலால் தட்டினார். மணி மாதிரி கேட்டது.

பிறகு, முன்னால் காட்டிய ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஐந்தும் பேசின.

சமையல்காரருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. உள்ளே வந்து, தான் பல்பு போட்டதையும், முன்பு பதினொன்று சத்தமே வராமல் கிடந்ததையும், இந்த அம்மா சொன்னபடி செய்ததால் எல்லாம் சரியானதையும் மலாயில் படபடவென்று சொன்னார். அக்காவும் அப்போது வாய் திறந்தார். ஈரம், மரம் ஊறுவது, பல்பு, எல்லாவற்றையும் சொன்னார். அத்தனையும் உண்மை. சாட்சியும் பக்கத்திலேயே நின்றது.

அதிகாரி கேட்டுவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ மெதுவாகச் சொன்னார். மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டு பெயர்த்தார்.

"சமையல்காரர் சொல்றது நெசமாவே இருக்கலாங்கிறாரு. அப்ப பத்து நிமிஷமா நீங்க எதுக்கு அவர்கிட்ட பொய் சொல்லிக்கிட்டிருந்தீங்கன்னு கேக்குறாரும்மா. வந்ததும் இதையே சொல்லியிருந்தா நம்பியிருப்பாராம். இப்ப எத நம்புறதுன்னு கேக்குறாரு."

அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அந்த வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தடுப்பு முகாமில் அண்ணனைப் பார்க்க மூன்று மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. துணைக்கு நான் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் பாதி ஆளாக நின்றார். இருமல் வேறு.

"பொய் சொன்னியாமே?" என்றார் எடுத்த எடுப்பில்.

"ஆமாங்க."

"ஒனக்குத்தான் வராதே புள்ள."

"வரலைதான்."

அண்ணன் சிரித்தார். இருமல் வந்து சிரிப்பு நின்றது. "செகிஞ்சான் தவுக்கேகிட்டயே ஒண்ணு சொல்லியிருந்தா பழக்கமாவது ஆயிருக்கும்" என்றார். பிறகு சிரிப்பில்லாமல் கேட்டார். "எனக்காகவா?"

"ஆமா. கட்டை எழும்பிடுச்சு. அது எழும்புனா நீங்க வர மாட்டீங்கன்னு தோணுச்சு. வேற எதுவும் தோணல."

அண்ணன் வலையில் நாலு விரலை நுழைத்தார். அக்கா அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டு நின்றார். காவலர் நேரம் முடிந்தது என்று சொன்ன பிறகுதான் விட்டார்.

அண்ணன் நாலு வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். ஆனால் அட்டையில் பிறந்த இடம் தமிழ்நாட்டில் ஒரு கிராமம் என்றிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல் முகாமில் வைத்திருந்துவிட்டுக் கப்பலேற்றி அங்கே அனுப்பிவிட்டார்கள். பின்னாலேயே போய்விட அக்கா எல்லா ஏற்பாடும் செய்தார். பள்ளிக்கூட வேலையை விட எழுதிக் கொடுத்தார். பிறந்ததற்குச் சான்றில்லாத விடுதிப் பிள்ளை. அதனால் பாஸ்போர்ட்டுக்கு மாதக்கணக்கில் அலைய வேண்டியிருந்தது. ஐப்பசி பிறந்து சில நாளில் அங்கிருந்து அண்ணனின் சித்தப்பா மகன் எழுதிய கடிதம் வந்தது. காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து போய்விட்டாராம். இருமலும் சேர்ந்துகொண்டதாம். கடிதத்தில் இறந்த தேதி இருந்தது. நான் என் நாட்குறிப்பைத் திருப்பிப் பார்த்தேன். அதே நாளில் நானும் அக்காவும் கிள்ளானில் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்டூடியோக்காரர் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டோம்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து எல்லோரும் போன பிறகு நான் மட்டும் அக்கா வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஏறக்குறைய இரண்டு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன்.

"எழுதிக் கேட்டது நான்தானே அக்கா?"

வேறு யாராக இருந்தாலும், அப்படியெல்லாம் இல்லை தம்பி, விதி, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றிருப்பார்கள். அதைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன் என்று இப்போது தெரிகிறது.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"ஆமா தம்பி. கேட்டது நீங்க. காரணம் வேணாம்னு சொன்னதும் நீங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. ஒரு பியானோவைப் பார்த்துச் சொல்வது போலத்தான் சொன்னார். "எழுதுனது நான். பியானோன்னு ஒரு வார்த்த போடாம விட்டது நான். பொய் சொன்னது நான். அந்தப் பொய்யாலதான் அவரு போனாரு. அது ஒங்களோடது இல்ல, என்னோடது."

"எம்மேல கோவம் இருக்கா அக்கா?"

"தெரியல" என்றார். என் முகத்தைப் பார்த்தார். "இருக்குன்னும் சொல்ல முடியல, இல்லன்னும் சொல்ல முடியல. தெரிஞ்சா சொல்றேன்."

அடுத்த வருஷம் அவர் நாத்தனாரோடு தெலுக் அன்சன் பக்கம் குடிபோய்விட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நான் எழுதுவேன். ஒவ்வொரு தடவையும் பதில் வரும். மழை, நாத்தனார் மகனின் படிப்பு, அங்குள்ள சபையின் ஆர்மோனியம் என்று எல்லாவற்றையும் பற்றி, காரணத்தோடு, நுணுக்கி நுணுக்கி இரண்டு பக்கம் எழுதியிருப்பார். பதினேழு கடிதங்கள் என்னிடம் தேதி வாரியாக இருக்கின்றன. கோபம் இருக்கிறதா என்று நான் கேட்டதற்கு மட்டும் ஒன்றிலும் பதில் இல்லை. பதினெட்டாவது வருஷம், ஓரத்தில் கறுப்பு மை தடவிய உறை வேறு கையெழுத்தில் வந்தது.